ஜம்புவின் இடது கண்

அறுபது வயதில் என் மனைவி ராஜி கர்ப்பமாக இருக்கிறாள் என்று அரசாங்கம் எங்களுக்குச் சொன்னது. காலையில் இட்லித் தட்டு அடுப்பில் இருக்கும்போது போனில் குறுஞ்செய்தி வந்தது. 'வாழ்த்துகள். உங்கள் குழந்தை இப்போது ஓர் எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.' மராத்தியில் வந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஷபானாவுக்கு மூணு மாசம் முடிஞ்சிட்டு போலுக்கு" என்று சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கிற ஷபானா மாத்திரை சாப்பிட்டாளா என்று பார்க்கப் போய்விட்டாள். வெந்த இட்லியை இறக்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்து, "கர்ப்பிணி எங்கே?" என்று கேட்டாள். "போன்ல நான்தான். நேர்ல பாக்கணும்னா அந்த வீட்டுக்குப் போங்க" என்றாள் ராஜி. அந்த அம்மா போவதற்கு முன் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது புனே பக்கம் ஆகுர்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாலில். நீளமாக ஒரு வராந்தா, அதை ஒட்டி ஒற்றை அறை வீடுகள். நான் வண்டிக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிக்காரன் என்பதால் சாலில் இருக்கிற தமிழர்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ராஜிக்கு வாசலிலேயே இட்லிக் கடை. கம்பெனிக் கேன்டீன்காரர்கள் ஆர்டர் சொல்ல வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். சாலிலேயே அதுதான் முதல் போன். அப்புறம் ஆதார், ரேஷன், கேஸ் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாரும் மொபைல் நம்பர் கேட்டார்கள். மொத்த சாலும் ராஜி நம்பரைக் கொடுத்தது.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்தவன். இவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிற ஜாதி. எந்தக் கம்பெனி சலுகை கொடுக்கிறதோ அங்கே ஓடிவிடுவார்கள். வீட்டில் ஒரு போன்தான் என்றால் அதையும் ஆண்பிள்ளை ஷிஃப்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். ராஜியின் போன் மட்டும்தான் எப்போதும் சார்ஜில் இருக்கும், எப்போதும் வாசலில் இருக்கும், இரண்டாவது மணியில் எடுக்கப்படும். அதனால் எந்தப் படிவத்திலும் இன்றைக்கும் அவள் நம்பர்தான்.

ரேஷனுக்கு ஓடிபி, சிலிண்டருக்கு ஓடிபி, மூணாம் வீட்டுப் பையன் மனோஜுக்கு டிரைவிங் லைசென்ஸ் ஓடிபி. 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஒவ்வொன்றின் கீழேயும் எழுதியிருக்கும். அதைச் சொல்வதுதான் இவளுக்கு நாள் முழுக்க வேலை. ஆனாலும் ஒரு முறை வைத்திருந்தாள். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் கேட்கக் கூடாது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, வந்த ஆளின் காதருகே குனிந்து, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுவாள். கோவில் பூசாரி கெட்டார்.

இதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது இன்னொன்று. சேவை எப்படி இருந்தது என்று கேட்டு இயந்திரக் குரலில் அழைப்பு வருமே, திருப்தி என்றால் ஒன்றை அமுக்கு, இல்லையென்றால் இரண்டை அமுக்கு என்று, ஊரில் எல்லாரும் வெட்டிவிடுகிற அந்த அழைப்பை இவள் முழுசாகக் கேட்டு ஒன்றை அமுக்குவாள். சாலில் யாருக்கு எது நடந்திருந்தாலும் ஒன்றுதான். பின்வீட்டுக் கிழவர் இறந்தபோது, 'உங்கள் மரணப் பதிவு முடிந்தது. சேவையில் திருப்தியா?' என்று வந்தது. அதற்கும் ஒன்று.

"செத்த மனுசன் திருப்தின்னு சொன்னானாட்டி உங்கிட்ட?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் வேல பாக்காக இல்லியா? ரெண்டு அமுக்குனா அவுக பொழப்புல மண்ணு விழுமோ என்னமோ. நமக்கு என்ன, ஒரு வெரலுதான."

போன வருடம் அவளுடைய இடது கண் மங்க ஆரம்பித்தது. எட்டை மூன்று என்று படித்தாள். ஒன்றும் ஏழும் ஒன்றாகத் தெரிந்தன. தப்பு ஓடிபி மூன்று முறை போட்டால் பூட்டிக்கொள்ளும் என்பதால், சாலில் பாதிப் பேருக்கு ரேஷன் பூட்டிக்கொண்டது. கொதிக்கிற சட்டியைக் கை தடவித் தேடியதை ஒரு நாள் நான் பார்த்தேன். அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன். பக்கத்துத் தெரு கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். இரண்டிலும் புரை இருக்கிறது. வலது கண் பொறுக்கும். இடது நன்றாக முற்றிவிட்டது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி அந்தப் பார்வை திரும்பாது.

இலவசக் கண் அறுவைத் திட்டம் ஒன்று இருக்கிறது. எல்லாம் போனிலேயே பதிவு. என் இரண்டு கண்ணையும் என் நம்பரில் அப்படித்தான் செய்துகொண்டேன். ராஜியின் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன். திரையில் பச்சை நிறத்தில் வந்தது. 'வாழ்த்துகள், ஜம்பு. உங்கள் இரண்டு கண்களும் வெற்றிகரமாக முடிந்துவிட்டன.'

ஜம்பு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருந்தவர். அவருக்கு இடது கண் அறுவை நடந்தது ராஜியின் நம்பரில். வலது கண் யாருடையது? அவருக்கு வலது கண்ணில் ஒரு கோளாறும் இல்லையே. விசாரித்ததில், கடைசி வீட்டு சுப்பையா கையைத் தூக்கினார். ஜம்பு போய் வந்த பிறகு அதே நம்பரில் இவரும் போயிருக்கிறார். 'ஜம்பு, வலது கண் பாக்கி' என்று காட்டியிருக்கிறது. உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

"ஓய், உம்ம பேரு சுப்பையா. ஜம்புன்னு கூப்பிட்டா எப்படிய்யா எந்திரிச்சுப் போனீரு?"

"ஊசியக் கையில வச்சிக்கிட்டு நிக்கவன்கிட்ட பேரு சரியில்லன்னு சண்ட போட முடியுமா அண்ணாச்சி? ஜம்புன்னான். வந்துட்டேன்னேன்."

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் ஹிந்தியில், "ஜம்புஜி, உங்களுக்கு இரண்டும் முடிந்துவிட்டதே" என்றான். நான் ஜம்பு இல்லை, இது என் மனைவிக்கு என்றேன். இந்தத் திட்டத்தில் நம்பர்தான் ஆள், ஒரு நம்பருக்கு இரண்டு கண்தான், மூன்றாவது கண்ணுக்கு இடமில்லை என்றான். மூன்றாவது கண் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று தமிழில் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வேறு புது நம்பரில் பதிவு செய்யலாம், தாராளமாகச் செய்யலாம், ஆனால் புதுப் பதிவுக்கு வரிசை தீபாவளிக்கு அப்புறம்தான் வரும் என்றான். அப்போதுதான் ஹோலி முடிந்திருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கத்திவிட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் அறையில் கூட்டம். ஜம்பு வந்து தரையில் உட்கார்ந்து அழுகிற மாதிரி ஆகிவிட்டார். நல்ல மனுஷன், சனிக்கிழமை தவறாமல் மாருதி கோவிலுக்குப் போகிறவர். "அண்ணாச்சி, நான் வேணும்னா என் கண்ண வாபஸ் குடுத்துடறேன்" என்றார்.

"எப்படிய்யா குடுப்பீரு?"

"கேன்சல்னு ஒரு பட்டன் இருக்குதே."

இருக்கத்தான் செய்தது. ஜம்புவின் அறுவை சிகிச்சையை ரத்து செய்யப் பார்த்தோம். காரணம் என்ன என்று கேட்டது. 'நோயாளி வரவில்லை' என்று போட்டோம். சிகிச்சைக்கு முந்தின நாளுக்குள் ரத்து செய்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஜம்பு தன் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் ராஜி மேல் பாய்ந்தேன். "ஊருக்கெல்லாம் உபகாரம். கடைசில உனக்குன்னு ஒரு கண்ணு மிச்சமில்ல. வேணும்ட்டி உனக்கு." சொல்லிவிட்டேனே ஒழிய, பயம் எனக்குத்தான். அவள் மறுநாளைக்கு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லை விட்டுவிட்டு உளுந்தைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் போன் மணி அடித்தது. வழக்கமான இயந்திரக் குரல். 'வணக்கம் ஜம்பு. உங்கள் இடது கண் அறுவை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது உங்கள் இடது கண் நன்றாகத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் ஒன்றை அமுக்கவும். தெரியவில்லை என்றால் இரண்டை அமுக்கவும்.'

ஜம்பு அவசரமாக, "தெரியுது, நல்லா தெரியுது, ஒண்ணு போடுங்க அக்கா" என்றார்.

ராஜி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. குரல் இரண்டாவது முறையும் அதே கேள்வியைக் கேட்டது. "என்கிட்டதான கேக்கான்" என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரியலியே." போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டை அமுக்கினாள்.

ஜம்பு வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடத்தில் எங்கள் சாலிலிருந்து அரசாங்கத்துக்குப் போன முதல் இரண்டு அது. இட்லிக்கு ஈ மொய்க்கிற மாதிரி அதற்கு அப்புறம் அழைப்புகள் வந்தன. இயந்திரம் இல்லை, மனிதர்கள். மறுநாள் மதியம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அம்ருதா என்று ஒரு பெண், திட்டத்தின் புகார்ப் பிரிவிலிருந்து. கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை. தண்ணீர் வரவில்லை, சாக்கடை வழிகிறது என்று நாங்கள் கரடியாய்க் கத்தியபோதெல்லாம் வராத அரசாங்கம் அன்றைக்கு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தது.

"ஜம்பு யார்?" என்று மராத்தியில் கேட்டாள். நிஜ ஜம்பு சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "தெரியலன்னு அமுக்குனது நான்தான்" என்று ராஜியும் மராத்தியிலேயே சொன்னாள். அம்ருதா அவளை உட்கார வைத்து இடது கண்ணில் டார்ச் அடித்தாள். மராத்திக்காரர்களுக்குப் பெரியவர்கள் எல்லாரும் காகு, காகாதான், நமக்குச் சித்தி, சித்தப்பா மாதிரி.

"காகு, இந்தக் கண்ணில் அறுவையே நடக்கவில்லையே. பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது."

டேப்லெட்டைப் பார்த்தாள். ராஜியைப் பார்த்தாள். மூக்குத்தியைப் பார்த்தாள். மறுபடியும் டேப்லெட்டைப் பார்த்தாள். "இதில் ஆண் என்று இருக்கிறது" என்றாள்.

நான் எழுந்தேன். நடந்தது என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "காகா, தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் எழுத வேண்டும். நான் எழுதினால் தவறான புகார் என்று மூடிவிடுவார்கள், இவர் தீபாவளி வரிசைக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் இது திறந்த புகார். அறுவை செய்த கண்ணில் பார்வை இல்லை என்றால் ஒரே வாரத்தில் மறு அறுவை செய்து புகாரை மூட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மேலதிகாரியின் திரையில் சிவப்பாக எரியும். அவருக்குச் சிவப்பு என்றால் ரத்தக் கொதிப்பு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ராஜிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஜம்புவுக்குச் செஞ்ச டாக்டருக்கு இதனால ஒண்ணும் வந்துராதே?"

"மறு அறுவை நன்றாக முடிந்தால் எல்லாம் பச்சையாகிவிடும், காகு. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஜம்பு என்று கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் நீங்கள் எழுந்து போக வேண்டும்."

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூப்பிட்டதும் திரும்ப வேண்டுமே என்று, என் மனைவியை நான் ஜம்பு என்று கூப்பிட்டுப் பழக்கினேன். "ஜம்பு, காப்பி கொண்டா." அவள் திரும்ப மாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா அண்ணாச்சி?" என்று ஜம்பு வந்து நிற்பார். மனோஜ் வராந்தாவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஆனால் சுப்பையா சிரிக்கவில்லை. "மொதத் தடவ கூப்பிட்டதும் எந்திரிச்சிராதீக மதினி. ரெண்டாவதுக்கு எந்திரிங்க. அப்பத்தான் ஆம்பள மாதிரி இருக்கும்" என்று அனுபவஸ்தர் மாதிரி அறிவுரை சொன்னார்.

ஆஸ்பத்திரி புனே நகரத்துக்குள். காலையில் பஸ் பிடித்துப் போனோம். வாசலிலேயே மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். 'ஜம்பு, ஆண்.' கட்டிய பெண் ராஜியின் கையில் கிடந்த வளையல்களை மேலே தள்ளிவிட்டு இடம் பண்ணித்தான் கட்டினாள். அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டையில் இருந்த கோடுகளை இயந்திரத்தில் காட்டினாள். அது கீ என்றது. போங்கள் என்றாள். அடுத்த மேசையில் ரத்தக் கொதிப்பு பார்த்தவன், "ஜம்பு காகா, பீடி குடிப்பீர்களா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான். ராஜி இல்லை என்றாள். "நல்லது காகா" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை நாலு அறை அறையலாமா என்றும் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். "ஜம்பு." ராஜி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறந்துவிட்டாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. "ஜம்பு" என்று இரண்டாவது முறை கூப்பிட்டதும் எழுந்தாள். கதவு வரை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். "என்னங்க, கண்ணு ஜம்புவுக்கு வந்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்டாளா, நிஜமாகவே பயந்து கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "வந்தா சுவருக்கு அந்தப் பக்கந்தானட்டி இருக்கும், வாங்கிக்கிடலாம்" என்றேன். கதவு மூடிக்கொண்டது. வெளியே உட்கார்ந்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். யாருடைய பேரில் வேண்டிக்கொள்வது என்பதில்தான் குழப்பம் வந்தது. ராஜி என்று ஒரு முறையும், எதற்கும் இருக்கட்டும் என்று ஜம்பு என்று ஒரு முறையும் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அறுவை செய்த டாக்டரே வந்தார். காது முடியெல்லாம் நரைத்த, சோர்ந்த முகம் உள்ள மனுஷர். பஞ்சை எடுத்துவிட்டு, மெதுவாகத் திறங்கள் என்றார். ராஜி திறந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. நாலைந்து தரம் இமைத்தாள்.

"எதிர்ப் பலகையில் என்ன தெரிகிறது, ஜம்பு?" என்று கேட்டார்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பட்டையில் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி மராத்தியில், "டாக்டர் சாகேப், இதுல இருக்குறது என் பேரு இல்ல. நான் ராஜி" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்து அமுக்கினேன். இன்னும் ஒரு கண் பாக்கி இருக்கிறது, கெடுத்துவிட்டாளே பாவி. டாக்டர் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் செருகினார்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றார். "பார்த்தால் தெரியாதா?"

ராஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தி என்னிடம் பேசினார். "வலது கண்ணுக்கு அவசரம் இல்லை. ஆனால் அடுத்த மாதமே செய்துவிடலாம். வலது கண்ணைப் பற்றிக் கேட்டு அழைப்பு வரும். மறுபடியும் இரண்டை அமுக்குங்கள். ஜம்புவாக வாருங்கள். நான் செய்துவிடுகிறேன். சொந்தப் பேரில் என்றால் புது நம்பர், புது வரிசை, தீபாவளி தாண்டிவிடும்."

சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ராஜி முந்திக்கொண்டாள்.

"வேண்டாம், சாகேப். அது சுப்பையா கண்ணு. அவருக்கு நல்லா தெரியுது, எனக்கும் அந்தப் பக்கம் ஓரளவு தெரியுது. தெரியலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? இந்தக் கண்ணு ஒண்ணு வந்துட்டுல்லா, அது போதும். இன்னொண்ணு எப்ப வந்தாலும் என் பேர்ல வரட்டும். காத்துக் கெடக்கேன்."

டாக்டர் ஒரு கத்திரியைக் கேட்டு வாங்கி, தாமே குனிந்து அந்தப் பட்டையை வெட்டி எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. கிடைக்கிறதை வேண்டாம் என்கிறாயே, உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா, அரிச்சந்திரன் வீட்டில் பெண்ணெடுத்தேனா நான், தீபாவளிக்குள் அதுவும் முற்றினால் எவன் பதில் சொல்லுவான் என்று சரமாரியாகத் திட்டினேன். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, டயர் கடை, துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி என்று ஒரு பலகை விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். பிம்ப்ரி தாண்டியும் அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.